பத்தேமுக்கால்

லோவெல் ஹாகனை எங்கள் தபால்தலைச் சங்கத்தில் எல்லோரும் ‘வெயில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வருடங்களுக்கு முன் மஞ்சள் நிறம் அச்சாகாமல் விட்டுப்போன அபூர்வத் தபால்தலை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் கூட்டத்தில் எழுந்து அறிவித்தார். அது ஒட்டியிருந்த உறை கோடை முழுக்கத் தன் வீட்டு ஜன்னலில் கிடந்து, மஞ்சள் வெளுத்துப் போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்தவர் சங்கத் தலைவர் டெலோஸ் ஓஸ்ட்பி. பெயர் வைத்தவரும் அவரே. மின்னசோட்டாவில் ஜனவரி மாதம் மூக்கு உறையும் குளிரில், கூட்டம் நடக்கும் தேவாலய நிலவறைப் படிகளில் லோவெல் இறங்கும்போது, “வா வெயிலு, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்” என்பார் டெலோஸ். எல்லோரும் சிரிப்பார்கள். லோவெலும் சிரிப்பார்.

இந்த ஜனவரிக் கூட்டத்துக்கு லோவெல் வேகமாக இறங்கி வந்தார். பல் டாக்டர் அனுப்பிய நினைவூட்டு அட்டை அவர் கையில் இருந்தது. அதில் தேசியக் கொடி போட்ட ஒரு தபால்தலை.

இப்போதைய தபால்தலைகள் ஸ்டிக்கர்கள். கிழிப்பதற்குத் துளை கிடையாது. ஓரத்தை அலை அலையாகக் கத்தி அச்சு வெட்டிவிடுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்று எண்ணினால் எந்த அச்சகம், எந்தக் கத்தி என்று சொல்லிவிடலாம். அந்தக் கொடித் தபால்தலைக்குப் பட்டியல் நூலில் ஒரே ஓர் அளவுதான் உண்டு: பதினொன்றேகால்.

“இது பத்தேமுக்கால்” என்றார் லோவெல்.

“வெயில்ல விரிஞ்சிருக்கும்” என்றார் டெலோஸ்.

“நீயே அளந்து பாரேன்.”

கிறிஸ்துமஸுக்கு டெலோஸ் எங்கள் எல்லோருக்கும் ஒரு பரிசு கொடுத்திருந்தார். இணையத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்ட அளவு அட்டை. அதை எடுத்து அலைகளைக் கோடுகளோடு பொருத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பொருத்தினார்.

“பத்தேமுக்கால்தான்.”

பல் டாக்டர் அட்டை கைமாறியது. ஒன்பது பேரும் அவரவர் அளவு அட்டையை வைத்து அளந்தோம். ஒன்பது பேருக்கும் பத்தேமுக்கால்.

“பரவாயில்லையே” என்றார் மார்வெல் ஷூல்ஸ் என்ற அம்மாள். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்ட மாட்டார்கள்.

டெலோஸ் எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டு ஒன்றை முழுதாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: “சனிக்கிழமை மாநிலக் கண்காட்சியில எனக்குப் பேச நேரம் குடுத்திருக்காங்க. அறிவிச்சுடலாம். ‘ஓஸ்ட்பி–ஹாகன் வகை’.”

“கண்டுபிடிச்சது நான்தானே?”

“அளவு அட்டை யாருது?”

பெயர் இரண்டாவதாக வந்தாலும் ஹாகன் என்று வருமே, வெயில் என்று வராதே என்று லோவெல் விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை லோவெல் சமையலறை மேசையில் அமர்ந்து, மகிழ்ச்சியில் கையில் கிடைத்ததையெல்லாம் அளந்துகொண்டிருந்தார். மின்சாரக் கட்டணத்து உறையில் ஒரு புது வகை கிடைத்தது. தங்கை அனுப்பிய வாழ்த்து அட்டையில் இன்னொன்று. மூன்றாவதாகத் தன் பழைய ஆல்பத்தைத் திறந்தார். முன்னொரு நாள் தானே அளந்து ‘பதினொன்றேகால்’ என்று எழுதி வைத்த தபால்தலை, இப்போது பத்தேமுக்கால் காட்டியது.

“ஆர்டிஸ், தபால்தலை வளருமா?” என்றார் மனைவியிடம்.

எதிரே ஒட்டுத்துணிப் போர்வைக்குத் துண்டு வெட்டிக்கொண்டிருந்த ஆர்டிஸ் நிமிரவில்லை. “நீ சுருங்கியிருப்பே.”

அவர் அளவு அட்டையை நீட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அட்டையை வாங்கினாள். அடியில் ‘நான்கு அங்குலம்’ என்று ஒரு கோடு இருந்தது. தன் தையல் அளவுகோலை அதன்மேல் வைத்தாள். கோடு நான்கைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட்டது.

“கம்ப்யூட்டர்ல அச்செடுக்கும்போது ‘தாளுக்குள்ள அடக்கவா’ன்னு கேக்கும். டெலோஸ் சரின்னு அமுக்கியிருக்கான். அட்டை சுருங்கிப்போச்சு, நூறுக்குத் தொண்ணூத்தாறு. அலையும் அந்த அளவுக்குக் குறைச்சலாத்தான் காட்டும். எங்க தையல் குழுவுல போன வருஷம் போர்வையில வைக்கிற ஒரு நட்சத்திரமே இப்படிச் சுருங்கிப் போச்சு.”

லோவெல் ஒரு கோப்பை காபியை ஆறவிட்டு, ஆறியதைக் குடித்தார்.

“சொல்லாம இருந்துட்டா?” என்றாள் ஆர்டிஸ். “நாளைக்கு மேடையில நிக்கப்போறது அவன்தானே.”

“பக்கத்துல என் பேரும் நிக்குதே. தெரிஞ்சுபோனா சாகற வரைக்கும் வெயிலுதான்.” ஆல்பத்தை மூடிக்கொண்டே, “அவனும் பாவம், புதுக் கோட்டு வாங்கியிருக்கான்” என்றார்.

அளவுகோலை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். டெலோஸ் தன் வீட்டில் கண்ணாடி முன் நின்று உரையைப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அளவுகோலை வாங்கி நேராக வைத்தார், தலைகீழாக வைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உன் பொண்டாட்டி அளவுகோல் தப்பா இருக்கலாமில்ல?”

“உன் இடுப்பு ஆபரேஷனப்போ அவ தைச்சுக் குடுத்த போர்வை காலை மூடுதா இல்லையா?”

“மூடுது.”

“அப்ப அளவுகோல் சரி.”

டெலோஸ் கட்டிலில் உட்கார்ந்தார், அதே போர்வையின்மேல். “நாளைக்கு மேடையேறி நான் என்னய்யா பேசறது?”

“அளவு அட்டையை எப்படி அச்செடுக்கக் கூடாதுன்னு பேசு. உன்னைவிட்டா அது தெரிஞ்ச ஆள் யாரு?”

டெலோஸ் அதையே பேசினார். முகம் புதுக் கோட்டின் சிவப்புக் கழுத்துப்பட்டையைவிடச் சிவந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த வேறு இரண்டு சங்கத்தார் தங்கள் அட்டைகளை மெதுவாகப் பைக்குள் தள்ளியதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். அவர்களும் அதே இணையப் பக்கத்திலிருந்துதான் இறக்கியிருந்தார்கள் போலிருக்கிறது. திரும்பி வரும் வழியில், தான் அதற்குள் பதினேழு புது வகை கண்டுபிடித்துப் பெயர் எழுதி ஒட்டிவிட்டதாக மார்வெல் அம்மாள் ஒப்புக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் லோவெல் பனியை உதறிக்கொண்டு படியிறங்கி வந்தார். காபிக் குடுவை அருகே நின்ற டெலோஸ் வாயைத் திறந்தார்.

“வா, வெயி...” என்று நிறுத்தி, குடுவையைத் தூக்கினார். “லோவெல். காபி ஊத்தட்டுமா?”

“ஊத்து” என்றார் லோவெல், கோப்பையை நீட்டி. “விளிம்பு வரைக்கும். தாளுக்குள்ள அடக்க வேண்டாம்.”