ஜமால் பாய்க்கு ஒதுக்கிய தூரம்

எங்கள் நகராட்சியில் தொண்ணூற்றைந்து கிலோவைத் தாண்டியவர்களுக்குத் தூரம் கொடுப்பார்கள். தாண்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் இருநூறு மீட்டர். நான் அப்போது நூற்று இருபத்து நான்கு கிலோ. என் வீட்டுக்கும் நான் வேலை பார்க்கும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் நடுவில் முன்பு முந்நூறு அடிதான் இருந்தது. உத்தரவு வந்த மறுநாள் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் ஆயிற்று. மற்றவர்களுக்கு அதே முந்நூறு அடி.

உத்தரவைக் கொண்டுவந்தவர் தூர அலுவலர் எஸ்தர். தோளில் அளவுச் சங்கிலியோடு வேகாத வெயிலில் வந்து நின்றார். என் மனைவி உலகம்மாள் மோர் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலைல இருந்து நடைமுறைக்கு வந்துரும் சார். இங்க ஒரு கையெழுத்து."

நான் பத்திர எழுத்தர். முப்பது வருஷமாக மற்றவர்கள் நிலத்துக்கு நான்கெல்லை எழுதிப் பிழைக்கிறவன். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. உத்தரவை இரண்டு தடவை வாசித்தேன். எல்லைகள் சரியாக இருந்தன. போட்டேன்.

இதற்கு முன்னால் நகராட்சி வேறு என்னென்னவோ செய்து பார்த்தது. பஸ் நிலையத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் அச்சு அசல் நான்தான் என்று ஊரே சொல்லிற்று. ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு எண்ணெய்ப் பலகாரங்களுக்கு வரி போட்டார்கள். வடை சிறுத்துப் போனது. நாங்கள் இரண்டாக வாங்கித் தின்றோம். தூரம் அப்படியில்லை. யாரையும் குண்டன் என்று சொல்லவில்லை, யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த மரியாதைக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். முந்நூறு அடியில் அலுவலகம் வந்துவிட்டது. ஆனால் ஸ்கூட்டரை விட்டு இறங்கிய இடத்திலிருந்து தூரம் ஆரம்பித்தது. ஆள் அனுப்பிப் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னேன். வந்தவர் பொட்டலத்தை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு என் வாசல்படி ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

நூற்றைம்பதைத் தாண்டியவர்களுக்குத் தூரம் கிடையாது. நகராட்சி ஈவிரக்கம் இல்லாதது அல்ல. அவர்களுக்கு ஆஸ்பத்திரி கிட்டே வரும். எங்கள் பின்தெருவில் ஒருவருக்குச் சமையலறை அலமாரியைத் திறந்தால் டாக்டர் இருப்பார். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கதவை அவரே சாத்திக்கொள்வார்.

என்னுடைய தூரம் தையல்கடைக்கும் ரேஷன் கடைக்கும் இடையில் தொடங்கியது. நல்ல ரோடு. இரண்டு பக்கமும் புங்க மரம், குடிதண்ணீர்க் குழாய், கிலோமீட்டருக்கு ஒரு சிமெண்டுப் பெஞ்சு. புல எண் எதுவும் இல்லை, விசாரித்துவிட்டேன். உலகம்மாள் ஐம்பத்திரண்டு கிலோ. அவள் அதற்குள் வர முடியாது. வாசலில் நின்றால் என்னைப் பார்க்கலாம், கூப்பிட்டால் எனக்குக் கேட்கும். கை நீட்டினால் மட்டும் எட்டாது.

அந்த ரோட்டில்தான் ஜமால் பாயைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயது. பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறவர். வீடு எங்கள் தெருக் கோடியில், கபர்ஸ்தானுக்கு எதிரே. அவருடைய எடை நூற்று நாற்பத்தொன்று, ஆகவே அவர் கடை அவருக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அவருடைய அண்ணன் நாற்பத்தாறு வயதில் கல்லாவில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார், எதிரே அந்தக் கபர்ஸ்தானில்தான் அடக்கம். பாயின் நெஞ்சைச் சோதித்த டாக்டர், எடை நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்காவிட்டால் அடுத்த ரம்ஜானைப் பார்ப்பது சந்தேகம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முதல் ஆறு கிலோமீட்டர் சேர்ந்து நடப்போம். என் தூரம் முடிந்ததும் நான் அலுவலகத்துக்குள் நுழைந்துவிடுவேன். மிச்சம் மூன்றை அவர் தனியாக நடப்பார். என் வாழ்நாளில் அவ்வளவு பேச்சு பேசியதில்லை. பாகப் பிரிவினைகள், சாதி மல்லிப்பூ, மாவைப் பிசைந்து எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும், எல்லாம் பேசினோம். முழங்கால் வலி போயிற்று. குனிந்து செருப்பு மாட்டினேன். ரோட்டைக் கொடுத்தவர்களை மனசுக்குள் வாழ்த்தாத நாள் கிடையாது.

ஆனால் நான் வேகமாக இளைத்தேன். இளைக்க இளைக்க என் தூரம் குறைந்தது. ஆறு நான்காயிற்று, பிறகு இரண்டு. பாய் என் அளவுக்கு வேகமாக இளைக்கவில்லை, ஆகவே அவர் தனியாக நடக்க வேண்டியது கூடிக்கொண்டே போயிற்று.

"அண்ணாச்சி, நீங்க எறங்குன பெறகு இருக்கு பாத்தியளா, அந்தக் கிலோமீட்டரு எல்லாம் ரெட்டையா நீளுது" என்றார் பாய்.

நான் தொண்ணூற்றைந்தைத் தொட்ட அன்று எஸ்தர் வந்து கைகுலுக்கிவிட்டு என் தூரத்தை நிறுத்திவைத்தார். மறுநாள் இரண்டு நிமிஷத்தில் அலுவலகத்தில் இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் பாய் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வரை அப்படியே இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார். அடுத்த நான்கு நாளும் அவரைக் காணவில்லை. அப்போது அவர் நூற்றுப் பதினெட்டு. ரம்ஜானுக்கு மூன்று மாதம் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் இன்னும் இரண்டு கிலோ குறைந்து, தகுதி இன்னும் எட்டப் போயிற்று.

உலகம்மாளையும் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். எனக்குத் தூரம் வேண்டும் என்று மனு கொடுத்தேன். எஸ்தர் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"தொண்ணூத்தி மூணுக்குக் குடுக்க வழியில்ல சார். ஒரே ஒரு பிரிவு இருக்கு. கணவன் மனைவி கை கோத்துக்கிட்டு மெஷின்ல ஏறினா சேத்து எடை போடலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி நாலு பேர் பார்க்கக் கை கோக்கிற வழக்கம் இல்லை. கல்யாணத்தன்று ஐயர் பிடிக்கச் சொன்னபோது பிடித்தது, அதோடு சரி. அறையில் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதில் என் சம்பந்தியும் ஒருவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலகம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள். கையை நீட்டினாள்.

"ஏறுங்க. எட்டு மாசமா வாசல்ல நின்னு ஒங்க முதுகையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஏறினேன். நூற்று நாற்பத்தைந்து காட்டியது. பத்துக் கிலோமீட்டர்.

மறுநாள் காலையில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டே தையல்கடையைத் தாண்டினோம். முதல் கிலோமீட்டர் எங்கள் இருவருக்கும் கை வேர்த்தது. அப்புறம் பழகிவிட்டது. தையல்கடையைத் தாண்டுவதற்கு முன்னால் பாய் வீட்டு வாசலில் நின்று உலகம்மாள்தான் கூப்பிட்டாள். "அண்ணே, கெளம்புங்க. நாங்க உங்க கடை வரைக்கும் வாரோம், அதுக்கு மேலயும் எங்களுக்குப் பாக்கி இருக்கு." அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பாக்கித் தூரத்தில், ஏழாவது கிலோமீட்டரில் ஒரு பன்னீர் மரம் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். கனமாக இருந்த நாளில் அத்தனை தடவை அதைத் தாண்டிப்போன பாய் நிமிர்ந்து பார்த்ததே இல்லையாம்.

அவர் இளைத்ததில் அவர் பங்குத் தூரம் சுருங்கினாலும் நாங்கள் அவரோடு கடைசிவரை போனோம். ரம்ஜானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நூற்று எட்டு. பெருநாளன்று பிரியாணி கொடுத்தனுப்பினார், அளவாக. அதற்கடுத்த ஐந்தாம் மாதம் தொண்ணூற்றைந்துக்கு வந்தார். டாக்டர் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை, சும்மா சந்தோஷத்துக்காகக் கேட்டாராம்.

எஸ்தர் சங்கிலியோடு பாய் வீட்டுக்கு வந்தார். நாங்களும் இருந்தோம். உத்தரவை முடித்தவர்களுக்கு அவர்கள் முதலில் வாங்கிய தூரம் முழுவதும் சொந்தம், வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எங்களுடையதை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்படி நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

"பாய், உங்களோடத எங்க வைக்கட்டும்?"

பாய் எதிரே கபர்ஸ்தான் கேட்டைப் பார்த்தார்.

"நம்ம வாசலுக்கும் அதுக்கும் நடுவுல வச்சிருங்கம்மா."

"ஒம்பதும்?"

"ஒம்பதும்."

நான்கெல்லையை நான் எழுதினேன். எஸ்தர் சங்கிலியை விரித்தார். காலையில் பார்த்தபோது பாய் வீட்டுக்கு எதிரே புங்க மரங்கள் வரிசையாகப் போயின, கேட் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவர் அண்ணனைப் பார்க்க அந்த ரோட்டில் கிளம்புகிறார். நான்காவது பெஞ்சுக்கு வரும்போது கடை திறக்க நேரமாகிவிடுகிறது. அங்கே நின்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.