பூமயிலின் ஒன்றாம் வகுப்பு

நயா பைசா வந்த வருஷம் ஜூன் மாதத்தில் புளியேந்தல் வீரையாவின் மகள் பூமயில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். கார்த்திகை பிறப்பதற்குள் அவளுடைய வலது கை ஒன்றரை மைல் நீளம் ஆகிவிட்டது. அதே வருஷம்தான் ஆர்.எஸ்.மங்கலம் சந்தையில் கருப்பட்டி விலை ஏறியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது கருப்பட்டியைப் பற்றித்தான்.

கை நீண்டதற்கு வீரையாதான் காரணம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிறந்த தேதியை எவரும் எழுதி வைப்பதில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், தொடாவிட்டால் அடுத்த வருஷம் வரச் சொல்வார்கள். பூமயிலுக்கு ஐந்து வயது முடியவில்லை. ஆனாலும் அடுத்த வருஷம்வரை பொறுக்க வீரையாவால் முடியவில்லை. மூத்தவள் சோலையம்மாள் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில், தாயும் தகப்பனும் களையெடுக்கப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்குப் பின்னாலிருந்த கண்மாயில் விழுந்து போய்விட்டாள். இன்னொரு பிள்ளையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தனியாக விடுவதில்லை என்று அவன் தீர்மானித்திருந்தான். பள்ளிக்கூடம் என்றால் வாத்தியார் கண்ணாவது இருக்கும், மதியச் சோறும் உண்டு. ஆகவே சித்திரையும் வைகாசியும் தினமும் விளக்கெண்ணெய் தடவி மகளின் கையை இழுத்துவிட்டான். ஜூன் முதல் தேதி அந்தக் கை காதைத் தொட்டது. அதற்குப் பிறகு இழுப்பதை அவன் நிறுத்தினான், கை நிறுத்தவில்லை.

செல்லச்சாமி வாத்தியார் கண்டிப்பான மனிதர். பிள்ளையைச் சேர்க்க வரும் எல்லோரிடமும் சொல்வதை வீரையாவிடமும் அவன் பெண்சாதி ராக்குவிடமும் சொன்னார்.

"இந்த வருஷம் என்னென்ன நடக்கும்னு இப்பவே சொல்லிப்புடுறேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. ஆடி முழுக்கப் பிள்ள அழுவும். ஆவணியில சிலேட்டு உடையும். பொரட்டாசியில தலை நெறயப் பேனோட வரும். அதுக்கப்புறம் நீங்க சொல்றதெல்லாம் தப்பு, எங்க சார் சொல்றதுதான் சரிம்பா. தையில பேரு எழுதும். பங்குனியில ஒங்களவிட்டு ஒரு அடி தள்ளி நிக்கும். அது வளத்தி, பயப்படாதீங்க."

வீரையா எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" என்றான். சோலையம்மாளைத் தண்ணீரிலிருந்து தூக்கியவள் ராக்குதான். தூக்கிய இரண்டு கைகளும் அன்றே முழங்கைக்குக் கீழே மரத்துப்போயின. கிள்ளினால் தெரியாது, கருவேல முள் ஏறினால் தெரியாது. கொதிக்கும் உலைப்பானையை வெறுங்கையால் இறக்கி வைப்பாள். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் தன் வீட்டுப் பானையை இறக்கவும் அவளைத்தான் கூப்பிடுவாள். கைகள் மட்டும்தான் மரத்தன என்று ஊர் நினைத்தது. ராக்கு மூன்று வருஷமாக அழவில்லை, சிரிக்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. நடுவில் ஒரு மகன், வேல்சாமி, பிறந்தான். அவனையும் ஒரு பானையைத் தூக்குவதுபோலத்தான் தூக்கினாள்.

வாத்தியார் சொன்னபடியே ஆடியில் அழுகையும் ஆவணியில் சிலேட்டும் புரட்டாசியில் பேனும் முறைப்படி நடந்தன. கை மட்டும் அவர் கணக்கில் இல்லாதது. அது முதலில் வகுப்புக் கதவு வரை போனது, பிறகு கண்மாய்க்கரை வரை, பிறகு கரையோடு படுத்தபடி வீடு வரை. ஐப்பசியில் மழை பிடித்தது. வயலோரத்தில் தொட்டில் கட்ட இடமில்லாமல் வேல்சாமியை வீட்டில் விட வேண்டியதாயிற்று. பூமயில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே வீட்டுத் தொட்டிலை ஆட்டினாள், தம்பி இறங்கித் தவழ்ந்தால் பிடித்து உள்ளே போட்டாள். வண்டிக்காரர்கள் கரையில் கிடந்த கையைத் மாட்டை ஓட்டும் தார்க்கம்பின் முள்ளில்லாத முனையால் மெதுவாகத் தூக்கிவிட்டு வண்டியை ஓட்டிப் போனார்கள். இடது கையால் எழுதும் பிள்ளைகளை அடிக்கிற செல்லச்சாமி வாத்தியார் இவளை மட்டும் விட்டுவிட்டார், வலது கை வேலையாக இருக்கிறதே. சாயங்காலம் அவள் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடந்த ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது பூமயில் சொன்னாள்: "ஆத்தா, இன்னைக்குக் கை வராது. இன்ஸ்பெக்டர் வாராராம். சோத்துக் கையாலதான் எழுதணும்னு சார் சொன்னாரு."

"சரி, போ" என்றாள் ராக்கு. காதில் விழத்தான் செய்தது. விழுந்தது உள்ளே இறங்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டாள், கதவைச் சாத்தினாள், களையெடுக்கப் போனாள். தினமும் செய்வது அதைத்தானே.

உச்சி வேளையில் பிச்சையம்மாள் இடுப்பை நிமிர்த்திக் கண்மாய்க்கரையைப் பார்த்தாள். "ஏ ராக்கு, இன்னைக்கு என்னடி கையக் காணோம்? கரையிலதான கெடக்கும்?"

ராக்கு களையைப் போட்டுவிட்டு ஓடினாள். சேற்றில் இரண்டு தடவை விழுந்து எழுந்தாள். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, தொட்டில் காலியாகத் தொங்கியது. அவளுக்குப் பயம்கூட வரவில்லை. பின்பக்கம் போனால் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், முன்பே ஒரு தடவை போயிருக்கிறாள்.

படித்துறையின் கடைசிக் கல்லில் பூமயிலின் கை இருந்தது. வேல்சாமியின் அரணாக்கயிற்றைப் பிடித்து அவனைத் தண்ணீருக்கு மேலே தொங்க விட்டிருந்தது. அவன் நனைந்துபோய், கோபமாக, ஊரே கேட்க அழுதுகொண்டிருந்தான். ராக்கு பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. விரல்களில் சாக்குக்கட்டி ஈரத்தில் கரைந்து பிசுபிசுத்தது. இவ்வளவையும் அவள் உள்ளங்கை அவளுக்குச் சொன்னது. சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். கை மெதுவாக இழுத்தது, பரீட்சை பாதியில் நிற்கிறது. விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை வாத்தியார் பிறகு சொன்னார். கரும்பலகையில் பாதிச் சொல் எழுதிக்கொண்டிருந்த பூமயில், "சார், தம்பி முழிச்சுட்டான்" என்றாள். அனுமதி வரும்முன்பே கை ஜன்னல் வழியாகப் போய்விட்டது. எங்கே போயிற்று என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "வீட்டுக்குத்தான் அய்யா, வந்துரும்" என்றார் வாத்தியார். இன்ஸ்பெக்டர் இளநீர் குடித்தபடி காத்திருந்தார். கை ஈரத்தோடு திரும்பி வந்து மீதிச் சொல்லை எழுதியது. அவர் சேர்க்கைப் பதிவேட்டை வாங்கி, அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்காலில் மச்சம் என்பதற்குக் கீழே, வலது கை நீளம் ஒன்றரை மைல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் ராக்கு வழக்கம்போல் உலைப்பானையில் கை வைத்தாள், வீறிட்டுக் கையை எடுத்தாள். வீரையா எழுந்து ஓடிவந்தான்.

"என்னடி?"

"சுடுது" என்றாள் ராக்கு. "சுடுதுய்யா." அப்படியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். கை எரிச்சலுக்கு அழுதது கொஞ்சம்தான், மீதியெல்லாம் சோலையம்மாளுக்கு. மூன்று வருஷ அழுகை ஆகையால் அழுது முடிய, விடிந்து வெகுநேரம் ஆனது. வீரையா எண்ணெய் எடுத்து அவள் கையில் தடவினான். பூமயில் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனாள்; ஏன் என்று வாத்தியார் கேட்டபோது, ஆத்தாளுக்குக் கை சுட்டுவிட்டது என்று சொன்னாள்.

தையில் அவள் பேர் எழுதினாள். பங்குனியில் வாத்தியார் சொன்னபடியே ஒரு அடி தள்ளி நின்றாள், இரண்டாம் வகுப்புக்குத் தேறினாள். கை கரைமேல் கிடந்தது. ராக்கு வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்து அதைத் தொட்டுவிட்டுப் போனாள். உலைப்பானையை இறக்கப் பிச்சையம்மாள் கூப்பிட்டால் மட்டும் போகவில்லை. பழைய சேலையைக் கிழித்து இரண்டு பிடிதுணி தைத்து, ஒன்றை அவளுக்குக் கொடுத்தாள்.