திரும்பிப் போகிற பெட்டி

பாத்திமா மேரி கன்டெய்னருக்குள் ஏறி நின்றுகொண்டு, "கதவச் சாத்துங்க" என்றாள்.

கீழே நின்ற ஆஸிம் சிரித்தான். முத்துப்பேட்டைக்காரன், கப்பலில் சரக்கு ஏற்றிவிடும் ஏஜெண்ட். "உள்ள வேகும்மா. முட்டைய வச்சாக்கூட அவிஞ்சிடும்."

"அவிஞ்சா நான்தான அவியப் போறேன்? சாத்துங்க தம்பி."

கதவு சாத்தியதும் கண்ணைக் கட்டிவிட்டாற்போல இருட்டு. ஊசிமுனை வெளிச்சமாவது தெரிகிறதா என்று கூரையைப் பார்த்தாள், மூலைகளைப் பார்த்தாள். ஓட்டை இருந்தால் கடல் தண்ணீர் இறங்கிவிடும். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் அவளை உறுத்தியது. தஞ்சாவூர், காரைக்கால் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்ன வாடகையில் இவன் பாதிதான் கேட்டிருந்தான். சோழியன் குடுமி சும்மாவா ஆடும்? சவேரியார் காலனியில் இந்த வருடம் ஒரு வீடுகூடக் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு போகவில்லை. எல்லாரும் மாப்பிள்ளைச் சம்பா போட்டு, அவித்து அரைத்து, மலேசியாவில் கிள்ளான் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பக் காத்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் அவள். அரிசி கெட்டுத் திரும்பி வந்தால் அந்தத் தெருவில் அவள் எந்த முகத்தோடு நடப்பாள்?

வெளியே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "ஏன் இம்புட்டு மலிவு? மறைக்காமச் சொல்லுங்க."

"அங்கேர்ந்து சாமான் கொண்டாந்த பொட்டிம்மா. திரும்புறப்ப காலியாப் போவுது. வேளாங்கண்ணியில ஆள எறக்கிட்டு சும்மா திரும்புற வேன், வழியில கை காட்டுனா நிறுத்த மாட்டானா? கெடச்ச வரைக்கும் லாபம்னுதான் கப்பல்காரன் குடுக்குறான்."

"வரும்போது என்னத்த ஏத்துனான்?"

"பலகை."

"மீனு இல்லியே?"

"அல்லா மேல ஆணையா பலகைதாம்மா."

ஆணையிடுகிறவனை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. அனுப்புவதற்காகக் கோயில் கூடத்தில் பூட்டி வைத்திருந்த மூட்டைகளிலிருந்து ஒரு படி அரிசியை எடுத்து, மெல்லிய துணியில் முடிந்து, பெட்டிக்குள் கொக்கியில் தொங்கவிட்டுக் கதவை மறுபடி சாத்தச் சொன்னாள். அரிசி பக்கத்திலிருக்கிற வாடையெல்லாம் வாங்கிக்கொள்ளும். கருவாட்டுப் பானைக்கு அருகில் வைத்த அரிசியைப் பொங்கித் தின்றவர்களுக்கு அது தெரியும்.

வெயில் தாழ்ந்த பிறகு கோயில் வாசலிலேயே மூன்று கல் கூட்டி உலை வைத்தாள். காலனியே சுற்றி நின்றது. அவளுடைய கொழுந்தன் ரெமிஜியஸ் கையைக் கட்டிக்கொண்டு, "கடல்ல போற கப்பல நம்புறதுக்கு நம்மூரு புரோக்கர நம்பியிருக்கலாம் அண்ணி" என்றான். ஆரம்பத்திலிருந்து அவனுக்கு அதே பாட்டுதான்.

"சோறு வேவட்டும். அப்புறம் வாயத் தொற."

மூடியைத் திறந்ததும் ஆவியோடு அது வந்தது. சம்பா அரிசியின் மண்வாசத்துக்கு அடியில், மூக்கின் உள்ளே கீறுகிற மாதிரி ஒரு நெடி. ஒரு பருக்கையை வாயில் போட்டுத் துப்பினாள்.

"வார்னிஷு" என்றாள். "பலகைன்னுதான சொன்னீங்க?"

ரெமிஜியஸ் ஆஸிமின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். ஆஸிம் கையைத் தட்டிவிடவில்லை; பானையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வந்தது பச்சைப் பலகை. வார்னிஷ் அடிச்சதில்ல. அம்மா, பொட்டிக்குள்ள போவாத அரிசியும் ஒரு படி பொங்குங்க. அதுக்கப்புறம் அடிங்க."

பாத்திமா மேரி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கூடத்தைத் திறந்தாள். புதுப் பானை, புதுத் தண்ணீர். இந்த முறை மூடியைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை, காலரை விட்டுவிட்டு ரெமிஜியஸ்தான் திறந்தான். அதே நெடி.

கூடத்தின் நடுவில், மூட்டைகளுக்கு மத்தியில், மாதா திருவிழாவுக்குப் புது வார்னிஷ் பூசிய சப்பரம் பளபளவென்று நின்றது. ஊரே நாள் முழுக்க மோந்து மோந்து பழகிவிட்ட வாடை. யாருக்கும் அது வாடையாகவே படவில்லை.

"சன்னலையாச்சும் தொறந்து வைங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்" என்றான் ரெமிஜியஸ்.

"தொறந்து வச்சா நீயே ரெண்டு மூட்டைய அந்த புரோக்கருக்குத் தள்ளிடுவியோன்னுதான் சன்னலுக்கு ஆணி அடிச்சேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ரெமிஜியஸ் உள்ளே போய் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

"பந்தலுக்கு அடியில நெழலா காத்தாடப் போடுங்க. புதுசா ஏறுன நெடிதான், போயிடும்னு நெனைக்கிறேன்" என்றான் ஆஸிம். "பொட்டி நாளைக்கும் நிக்கட்டும்."

"நிக்கிறதுக்கும் வாடகை கேப்பானே?"

"அத நான் பாத்துக்குறேன்."

அவன் சொன்னதிலேயே அவளை அதிகம் பயமுறுத்தியது அந்த வார்த்தைதான். இவ்வளவு அசிங்கப்பட்டவன் எதற்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

திருவிழாப் பந்தலின் கீழே பாய் பாயாக அரிசி சிவப்பாய்ப் பரந்தது. வாய்க்கால் பக்கமிருந்து காற்று வந்தது. சாலையோரம் பெட்டி இரண்டு கதவையும் அகலத் திறந்துகொண்டு நின்றது. அதன் நிழலில் ஆஸிம் வாயைக் கையால் மறைத்தபடி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். பாத்திமா மேரி குனிந்து ஒரு பிடி அரிசியை அள்ளி முகர்ந்தாள். நெடி இருந்தது. அது அரிசியிலா, தன் கையிலா? அரிசியைக் கீழே உதிர்த்துவிட்டு, சாவி பிடித்தே பழகிய அந்த வெறுங்கையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.