குதிக்காத பெண்

எங்கள் துறைத்தலைவருக்கு ஒரு கொள்கை உண்டு: ஊரே எதைப் பயன்படுத்துகிறதோ, அதையேதான் நாங்களும் பயன்படுத்த வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக வீடியோ கேம் செய்கிற அத்தனை பேரும் பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் பெரிய கேம் என்ஜினில், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளில்தான் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். என்னிடம் இருந்ததோ அக்காவின் பழைய லேப்டாப். அந்த என்ஜினைத் திறந்தால் ஃபேன் அலறும், திரை உறையும், பிறகு எல்லாமே அணைந்துபோகும். குட்டிக்கரணம் அடித்துப் பார்த்தேன், நடக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த சின்ன என்ஜின் ஒன்றை இறக்கினேன். அது சட்டென்று திறந்தது.

பெரிய என்ஜினில் சாம்பல் நிற ஆள் ஒருவன் தயாராகவே வருவான். ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் குதிப்பான். வகுப்பில் எல்லோரும் அவனுக்கே சட்டை மாட்டித் தங்கள் கேமில் இறக்கிவிட்டார்கள். மருத்துவமனை கேமில்கூட வார்டு நடுவே டாக்டர் குதித்தார். அது யாருக்கும் உறுத்தவில்லை.

சின்ன என்ஜினில் அப்படி யாரும் கிடையாது. நானே வரைந்தேன், என் அக்காவை. அவள் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவள். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில், தோளில் பெட்டியோடு ஆறு மாடி ஏற வேண்டும். அவ்வளவுதான் கேம்.

தேர்வுக்கு முதல் நாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இதை ஏற்காவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டியதுதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முதல் ஸ்கிரீன்ல பெரிய என்ஜினோட லோகோவ மட்டும் போட்டுடும்மா. யாரு கேக்கப் போறாங்க?"

முடியாது என்றேன். அப்படியானால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று கை கழுவிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பயமாக இருந்தது. நான் இன்னொரு வருடம் படித்தால் அக்கா இன்னொரு வருடம் எனக்காகவும் மாடி ஏற வேண்டும். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அதுல இருக்கிறது நான்தானே? என் தலைக்கு மேல பொய்ய ஒட்டினே, தொலைச்சுடுவேன்."

சின்ன என்ஜினின் பெயரையே முதல் திரையில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

மறுநாள் தேர்வாளர் அதைப் படித்து முகம் சுளித்தார். ஏன் இது என்றதற்கு, என் லேப்டாப்பில் ஓடுவது இதுதான் என்றேன். விளையாட உட்கார்ந்தார். நான்காவது மாடியில், பழக்க தோஷத்தில் ஸ்பேஸ் பட்டனை அழுத்தினார். திரையில் அக்கா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவர் மறுபடி மறுபடி தட்டினார்.

"இவ குதிக்க மாட்டாளா?"

"சுமையோட ஆறு மாடி ஏறுறவங்க குதிக்க மாட்டாங்க சார்."

"சரி, எழுந்திரிக்க எதை அழுத்தணும்?"

"எதையும் அழுத்த வேணாம். மூச்சு வந்ததும் அவளே எழுந்திரிப்பா."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். காத்திருந்தார். அவள் எழுந்தாள், பெட்டியைத் தூக்கினாள். ஆறாவது மாடிவரை விளையாடிவிட்டுத்தான் நாற்காலியை விட்டார்.

பாஸாகிவிட்டேன். 'என்ஜின் தேர்வு' என்ற இடத்தில் மட்டும் துறைத்தலைவர் தன் கையால் பூஜ்யம் போட்டிருந்தார். லோகோவைப் போட்டிருந்தால் அங்கேயும் முழு மார்க் வந்திருக்குமே என்று வராந்தாவில் நிறுத்தி அங்கலாய்த்தார்.

"அந்த முட்டை என்னோடது சார்," என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்."