கிருஷ்ணவேணி வீட்டு 2091

கோலியனூரில் 2031ஆம் வருஷத்து மழை இந்த ஆனி மூன்றாம் தேதி கிருஷ்ணவேணி வீட்டு மேல் மட்டும் பெய்தது. மறுநாள் 2032 பெய்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் புடவை மொறமொறவென்று காய, இவள் ஓட்டிலிருந்து தண்ணி கொட்டியது. காரணம் பெரிய ரகசியமில்லை. அவள் மகள் மலர்விழி திண்டிவனத்தில் இருந்துகொண்டு, இனி வரப்போகும் பெருமழையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள். கடலோரம், மலை, சமவெளி மூன்றுக்கும் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளி வைக்கணும். கடலோரப் புள்ளி மரக்காணத்துக்கு அந்தாண்ட கடலில் விழுந்தது, மலைப் புள்ளி கல்வராயன் பாறையில். மீனுக்கும் பாறைக்கும் என்ன நஷ்டம்? சமவெளிக்கு மட்டும், ஆட்டோக்காரர்களுக்கு லொக்கேஷன் அனுப்பி அனுப்பி மனப்பாடமாகிப்போன அம்மா வீட்டையே வைத்துத் தொலைத்தாள். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது! 2100 வரைக்கும் பட்டியல் ஒரே மூச்சில் வந்துவிட்டது. வானம்தான் நாளொன்றுக்கு ஒரு வருஷமாக, அந்தந்த வருஷத்துப் பெருமழையை இறக்கிவைத்தது.

ஊர் சும்மா இருக்குமா? குடத்தோடு வரிசை கட்டியது. 2040இல் துணி துவைத்தார்கள், 2047இல் மாடு குளிப்பாட்டினார்கள். ஆடி இருபதாம் தேதி மலர்விழி பஸ் பிடித்து வந்து பட்டியலைக் காட்டினாள். 2091க்கு நேராக 61 சென்டிமீட்டர் என்று இருந்தது. 2024 புயலன்று மயிலத்தில் கொட்டியதைவிட அதிகம். மண்சுவர் தாங்காது. புள்ளியை மாற்றலாம், ஆனால் சமவெளியில்தான் எங்கேயாவது வைக்கணும். இன்னொருத்தர் கூரை மேல் வைக்க மனசு வராமல் மலர்விழி அழுதேவிட்டாள். அடி அசடே, ஏரியில் வை என்றாள் கிருஷ்ணவேணி.

அங்கேதான் வில்லங்கம். கோடையில் ஏரி வற்றினால் கிருஷ்ணவேணி தெருவே உள்ளே இறங்கி மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடும். ஐப்பசி வரைக்கும் தண்ணி வராது என்று அத்தனை தைரியம். காய் முற்ற ஆவணி பாதி ஆகும். 2091 வருவதோ ஆடி கடைசியில். இருப்பதிலேயே அதிகம் விதைத்திருந்த மாரியப்பன் கொதித்துப்போனார்.

“தொண்ணூத்தொண்ணுல நம்மள்ல எவன் உசுரோட இருக்கப் போறான்? அதுக்காவ இப்பவே பயிரப் புடுங்கச் சொல்றியே, நல்லாவா கீது?”

கிருஷ்ணவேணி நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி சொன்னாள். “அம்பது வருசமா எம்பொண்ணு கணக்கத்தான் கொடத்துல மொண்டுக்கினு போறீங்க. ஒரு வருசமாவது தப்பாச்சாங்க?”

முடிந்தவரை காய் முற்றட்டும் என்று காத்திருந்து, கடைசி மூன்று நாளில் தெருவே ஏரியில் இறங்கியது. மாரியப்பன் திட்டிக்கொண்டே முதல் ஆளாகச் செடியைப் பிடுங்கினார். பாதிக் காய் பிஞ்சு. அவர் திட்டினதும் நியாயம்தான்.

மலர்விழி புள்ளியை நகர்த்தினாள். 2091 காலை எட்டரைக்குத் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் வரை ஏரிக்குள் மட்டும் நேர்குத்தாகக் கொட்டியது. முழங்கால் ஆழத்துக்குத் தூர்ந்துகிடந்த ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணி வழிந்து கோடி போனது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கிருஷ்ணவேணி வீட்டில் ஒரு சொட்டு விழவில்லை. அவள் பாயை உதறிப் போட்டு, கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஏரிக்குள் தண்ணி நின்றதால் மல்லாட்டை காயவைக்க அங்கே இடமில்லை. கேட்காமல் கொள்ளாமல் தெருவே வந்து, மழை நின்ற அவள் வாசலில் கொட்டியது. மாரியப்பன் காயைப் பரப்பிக்கொண்டே மலர்விழிக்குப் போன் போட்டு, இன்றைக்கு ஏரியில் விழப்போகிற 2092 எவ்வளவு என்று கேட்டார். நாலு சென்டிமீட்டர் என்றாள். கரை தாங்கும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மூட்டையைப் பிரித்தார்.