டேப்பில் இல்லாத இடப்பக்கம்

ஆலையில் அவளுக்கு வெட்டுமேசைக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. பதினாறு வருடங்களாகத் துணியை டேப்பால் அளந்து, கோடு போட்டு வெட்டுகிறாள். நின்று நின்று முட்டி வீங்கிப்போயிருந்தது. உட்கார்ந்து பார்க்கிற திட்டப் பிரிவுக்கு மாற ஒரு மேற்படிப்பு வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வு. மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இரண்டு முறை போயாயிற்று.

இரண்டு முறையும் காலை வாரியது ஒரே வகைக் கணக்கு. அதில் விடை கேட்பதில்லை. கொடுத்த தகவல்கள் விடை காணப் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் தங்கை கேள்வியை வாசித்தாள்.

"எண்கோட்டுல ஏ, பி, சின்னு மூணு புள்ளி. ஏயிலேர்ந்து பி மூணு தள்ளி இருக்கு. ஏயிலேர்ந்து சி எட்டு தள்ளி. பிக்கும் சிக்கும் எவ்வளவு தூரம்னு சொல்ல இது போதுமா?"

"போதும். அஞ்சு."

"எங்க, கோட்டைக் காட்டு. ரெண்டையும் வலப்பக்கமே வச்சிருக்கியே! பி இந்தப் பக்கம் இருந்தா பதினொண்ணு வரும்ல? ரெண்டு விடை வந்தா போதாதுன்னுதான் அர்த்தம். உன் டேப்புக்கு எடப்பக்கமே கெடையாதாக்கா?"

"டேப்புல பூச்சியத்துக்கு முன்னால என்னடி இருக்கு? என் கட்டைவிரல்தான் இருக்கு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்று மட்டும் முப்பது கணக்குகள். கடைசிப் பத்தும் சரி.

தேர்வு கணினியில். பதிலை அழுத்தி நகர்ந்துவிட்டால் பழைய கேள்விக்குத் திரும்ப முடியாது. திரையின் மூலையில் நிமிடங்கள் குறையக் குறைய, அவள் கை தன்பாட்டுக்கு ஓடியது.

பத்தொன்பதாவது கேள்வி. பூச்சியத்திலிருந்து ஒரு புள்ளி நான்கு தள்ளி, இன்னொன்று ஒன்பது தள்ளி. இரண்டுக்கும் இடையே எவ்வளவு? கிறுக்கும் தாளில் இந்த முறை பூச்சியம் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. அதற்கு வலப்பக்கம் நான்கு அடங்கியது, ஒன்பது அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒன்பதை இடப்பக்கம் வைத்தாள். ஐந்து என்றது வாய். பதிமூன்று என்றது கோடு.

'போதாது' என்று அழுத்தினாள்.

பிறகுதான் பார்வை தாளின் மேலே போனது. இதே மாதிரி முன்னால் வந்த நான்கு கணக்குகளின் கோடுகள். நான்கும் இடது ஓரத்தில் தொடங்கி, விரித்த துணி மாதிரி வலப்பக்கம் ஓடின. நான்குக்கும் 'போதும்' என்று அழுத்தியிருந்தாள். அதற்கப்புறம் வந்த கேள்விகள் கண்ணில் பட்டன, மண்டையில் ஏறவில்லை.

முடிவு திரையிலேயே வந்தது. தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைவு.

வாசலில் தங்கை காத்திருந்தாள். "எப்படிக்கா?"

"ஒண்ணு சரியாப் போட்டேன்டி. எடப்பக்கம் வச்சு."

தங்கை அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மேசைமேல் துணி விரிந்து கிடந்தது. வெட்டுமேசைக்காரி வீங்கிய காலை மாற்றி வைத்து நின்றாள். டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வலப்பக்கமாக இழுத்தாள்.