பள்ளிக்கூடத்தோடு நகர்ந்த வீடு

எனக்குக் கோபம் வந்துவிட்டால் ஆள் யார், வீடு எது என்றெல்லாம் பார்க்க மாட்டேன். மாலிஸ் ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. நான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்பில் கணக்கு என்றால் அவள்தான். புத்தாண்டுக்கு முன்னால் பரீட்சை. எழுதாவிட்டால் அடுத்த வருடமும் இதே பெஞ்சு. அப்படித் தங்கிப்போன பெண்பிள்ளை எங்கள் கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் அப்புறம் படித்து நான் பார்த்ததில்லை. மதியமே படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புத்தர் கோயிலைத் தாண்டினால் நீலத் தகரக் கூரை, அதுதான் அவள் வீடு. வாசலில் ஒருத்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள். படகைக்கூடக் கட்டாமல் அவளைப் பிடித்துக்கொண்டேன். பெற்றால் போதுமா, பெண்ணை வீட்டு வேலைக்குத்தான் வளர்க்கிறாயா என்று மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிதான் டீச்சரம்மா. ஆனா எனக்குப் புள்ளையே இல்லையே."

ஏரித் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் எங்கள் மிதக்கும் வீடுகள் ஓரிடத்தில் நிற்காது. ஆழம் பார்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவோம். மாலிஸின் வீடு போன வாரமே போய்விட்டதாம். காலியான இடத்தில் இந்த யூனும் அவள் புருஷனும் முந்தாநாள்தான் தங்கள் வீட்டை இழுத்துவந்து கட்டியிருக்கிறார்கள். இவர்கள் கூரையும் நீலமாக இருந்து தொலைத்தது. என் மானமே போயிற்று. யூனோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் மோட்டார் படகில் என்னை ஏற்றிக்கொண்டாள். திட்டைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு வரலாம் என்றாள்.

மாலிஸின் வீடு ஏரிக்குள் வெகுதூரம் தள்ளி நின்றது. அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நடைபழகும் தம்பி ராத்தாவின் இடுப்பில் கட்டிய கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா சொபால் படகில் நூடுல்ஸ் சூப் விற்பவள். வாங்குகிற மீன் வியாபாரிகள் ஆழத்துக்குப் போனதால் இவளும் வந்துவிட்டாள். புருஷனுக்குத் தாய்லாந்தில் வேலை. பழைய இடத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கம் இருந்தது. இங்கே ஒரு நாதி இல்லை.

"இவளும் போயிட்டா இவன யாரு பாக்குறது?" என்றாள் சொபால். "கயிறு அவுந்து தண்ணில விழுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?"

கொண்டுபோன திட்டையெல்லாம் அப்படியே திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பரீட்சை என்னைக்கு டீச்சர்?" என்று மாலிஸ் மெல்லக் கேட்டாள். கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குள் யூன் ராத்தாவைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள்.

"ரெண்டு வீட்டையும் இழுத்துட்டுப் போயி பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே கட்டிடுவோம். பயல நான் பாத்துக்கறேன். எங்க வீட்டுக்காரர் விடியக்கால மீன் விக்க இந்தப் பக்கந்தான் வர்றாரு. உன் சூப்புப் படக இழுத்துட்டு வந்து விடுவாரு."

சொபாலுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் இன்னும் இறங்கினால் நீங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்களே என்றாள்.

"பள்ளிக்கூடமும்தான் நகரும்," என்றேன். "அது பின்னாடியே நீங்களும் வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு வீடுகளும் வந்து சேர்ந்தன. மாலிஸ் பரீட்சை எழுதினாள், கணக்கில் முதல். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தண்ணீர் மேலும் இறங்கியபோது படகுகள் பள்ளிக்கூடத்தை இழுத்துக்கொண்டு போயின. இரண்டு நீலக் கூரைகளும் பின்னாலேயே வந்தன.

மறுநாள் காலை வருகைப் பதிவு எடுத்தேன். மாலிஸ் என்றதும் "உள்ளேன் டீச்சர்" என்று அவள் எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே, யூன் வீட்டு வாசலிலிருந்து, இடுப்பில் கயிறோடு ராத்தாவும் "உள்ளே டீச்சர்" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. சத்தம் போடாதே என்று ஜன்னல் வழியாக அவனை ஒரு அதட்டு அதட்டினேன். இந்தத் தடவை சரியான வீட்டைப் பார்த்துத்தான் அதட்டினேன்.